வளரி வீச்சில் மனதுக்கு என்ன வேலை?

 சிவகங்கைச் சீமைக்கே பேர் வாங்கித் தந்த ஆயுதம் வளரி. பிறைபோல் வளைந்த மரக்கட்டை, இரும்பிலும் உண்டு. ஒரு முனை பருத்துக் கனக்கும். மெலிந்த மறுமுனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சில சுற்று சுழற்றி விடுவார்கள். தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையை ஆண்ட சின்ன மருது என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியான நினைவுக் குறிப்புகளில் எழுதினார். தேர்ந்த கையில் அது 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் சொன்னார். (கற்றுக்கொடுத்தவரை 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதும் கம்பெனிதான்.)

மனம், நுட்பம், உடல் மூன்றும் ஒன்றுபட வேண்டும் என்பதை ஜப்பானியர் ‘சின்-கி-தாய்’ என்பார்கள். வெறும் தத்துவம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் கெண்டோ என்னும் அவர்களுடைய வாள் போட்டியில் அது புள்ளி தரும் விதி. மூங்கில் வாள் எதிராளியின் தலைக்கவசத்தில் பட்டால் மட்டும் போதாது. ஊக்கம், வாளின் கோணம், உடல் நிற்கும் நிலை, அடித்த பிறகும் தளராத கவனம் எல்லாம் கூடி வராவிட்டால் நடுவர் கொடி உயராது. வேட்டையில் வீசும் வளரிக்கு முயல்தான் நடுவர்.

கட்டையின் வடிவமே வேலையைச் செய்துவிடுகிறது, மனதுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். வில்லில் வளையும் தண்டு விசையைச் சேர்த்து வைக்கும். வளரியில் அப்படி எதுவும் இல்லை. ஊன்றிய காலில் பிறக்கும் விசை இடுப்பு, தோள் வழியாக மணிக்கட்டுக்கு வந்தாக வேண்டும். கையை விட்டபின் திருத்த வழியில்லை. விடும் நொடியின் சாய்வும் வேகமும் சுழற்சியும் பாதையை முடிவு செய்துவிடும். தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த, யானைத் தந்தத்தாலான வளரிகளின் எடையை நிறுக்கலாம், வளைவை அளக்கலாம். வீசியவர் எப்போது விட்டார் என்பதை அவற்றிலிருந்து அறிய முடியாது.

பழக்கமே போதுமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அசையாத இலக்குக்கு அது ஓரளவு சரி. ஓடும் முயலோ, வளரி போய்ச் சேரும்போது வேறிடத்தில் இருக்கும். அந்த இடத்தைக் கணித்து, சுற்றுகளில் எதில் விடுவது என்று முடிவெடுப்பதையே நான் மனம் என்கிறேன். மூளையின் கணக்கு என்று சொன்னாலும் எனக்கு மறுப்பில்லை. பழக்கம் அந்த மனதை ஒழிப்பதில்லை, அதற்கு நேரம் வாங்கித் தருகிறது. சிலம்பத்தில் ஆசான் கம்பைக் கொடுக்குமுன் காலடி வரிசையைப் பழக்குவதும் இதற்காகத்தான்: கால் தானாக நடந்தால்தான், எதிராளியின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண் பார்க்க முடியும்.