ஐம்பதா, எழுபதா?

நாகரசம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மாந்தோப்பில் பாதி பழைய மரங்கள், கிளை கழிக்க வேண்டும். வரப்போரம் தாத்தா காலத்துப் புளியமரங்கள் நான்கு. அதில் இரண்டு பட்டுப்போய் நிற்கின்றன. மரம் அறுக்கும் மிஷின் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் 50 சிசி ஒன்றையும் 72 சிசி ஒன்றையும் எடுத்து வைத்து, "பெரிசா எடுத்துட்டா ஒரே செலவோட போச்சு சார்" என்றாராம். எதை எடுப்பது என்று கேட்கிறார்.

அட்டையை மட்டும் படித்தால் கடைக்காரர் பக்கம்தான் நியாயம். தொழில்முறைக்காரர்கள் வைத்திருக்கும் ஸ்டில் எம்எஸ் 261, எம்எஸ் 462 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். முதலாவது 50.2 சிசி, 3 கிலோவாட், 4.9 கிலோ. இரண்டாவது 72.2 சிசி, 4.4 கிலோவாட், 6 கிலோ. ஒரு கிலோ சொச்சம் கூடுதலாகச் சுமந்தால் சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கிணற்று மேட்டில் கிடக்கும் 5 எச்.பி. மோட்டாரைவிடப் பலமான ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் நடக்கலாம். ஆனால் அந்த 6 கிலோ என்பது பாரும் (செயின் ஓடும் நீளத் தகடு) செயினும் மாட்டாமல், பெட்ரோல் ஊற்றாமல் நிறுத்த எடை. கல்யாணப் பெண்ணை நகை போடாமல் நிறுத்துப் பார்த்த கதை.

ஐம்பதா எழுபதா என்பது ஓசூர் வட்டாரத்துக்குப் புதிய கேள்வியும் இல்லை. 1980இல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50 மொபெட்டுக்கும், பின்னால் வந்த 69.9 சிசி எக்ஸ்எல் சூப்பருக்கும் நடுவில் நின்று நம்மவர்கள் யோசித்த அதே கேள்விதான். இன்ஜினும் அதே ஜாதி: டூ ஸ்ட்ரோக், வேகம் கூடினால் தானே பிடித்துக்கொள்ளும் கிளட்ச். எக்ஸ்எல் சூப்பர் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 3.5 எச்.பி. கொடுத்தது. ஏறக்குறைய அதே அளவு சிலிண்டரை மரம் அறுக்கும் மிஷினில் இரண்டு மடங்கு வேகத்தில் சுழற்றி 6 எச்.பி. எடுக்கிறார்கள். (மொபெட் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிய பிறகும் மரம் அறுக்கும் மிஷின் மாறாததற்குக் காரணம் எளிது. மிஷினைப் பக்கவாட்டில் சாய்த்தும் கவிழ்த்தும் அறுக்க வேண்டும்; அடியில் ஆயில் தொட்டி வைத்த இன்ஜின் அந்தக் கூத்துக்கு ஒத்துவராது.)

மொபெட்டுக்குச் சுமை மூட்டை. மிஷினுக்குச் சுமை எது? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. அது இன்ஜினில் இல்லை, செயினில் இருக்கிறது.

20 இன்ச் பாரில் ஓடும் செயினில் வழக்கமாக 36 பற்கள்: ஒன்று இடது, ஒன்று வலது என்று மாறி மாறி. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னத் திமில். திமிலின் உச்சி பல்லின் நுனியைவிட வெறும் 0.65 மில்லிமீட்டர் தாழ்வு. திமில் மரத்தின்மேல் உரசிக்கொண்டு போக, பல் அந்த 0.65 அளவுக்குத்தான் இறங்க முடியும். ஆசாரியின் இழைப்புளி நினைவுக்கு வருகிறதா? அடிக்கட்டை மரத்தில் படிந்திருக்க, உளி துருத்திய அளவுதான் சீவல் வரும். இது 36 இழைப்புளிகளை மாலையாகக் கோத்து ஓடவிட்ட ஏற்பாடு. கடித்ததும் பல் சும்மா வழுக்கிப் போவதில்லை. எருது விடும் விழாக் காளை கொம்பைத் தாழ்த்திக் குத்தித் தூக்குவதுபோல, பின்னால் சாய்ந்து பாரைவிட்டு இலேசாக எழும்புகிறது. செயினின் விறைப்பு அதைத் திரும்ப அமுக்க, ஒரு சீவலைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறுகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று, ஏழு பல் சக்கரம் என்று கணக்குப் போட்டால் செயின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். ஒரே இடத்தை விநாடிக்குச் சுமார் 580 பற்கள் கடக்கின்றன. விநாடிக்கு 580 காளைகள்!

இப்போது மூட்டைக்கு வருவோம். பற்களுக்கிடையே தூரம் சுமார் 38 மில்லிமீட்டர். 20 சென்டிமீட்டர் மாங்கிளைக்குள் ஒரே சமயத்தில் ஐந்து பற்கள் இருக்கும், அதாவது ஐந்து மூட்டை. 20 இன்ச் பார் முழுக்கப் புளியந்தூருக்குள் புதைந்தால் பதின்மூன்று மூட்டை. மாங்கிளை மூட்டையில் தவிடு என்றால் புளி மூட்டையில் நெல். கறிக்கடைக்காரர் வெட்டுக்கட்டைக்குப் புளியைத் தேடுவது சும்மா இல்லை. பதின்மூன்று மூட்டையை டிவிஎஸ் 50இல் ஏற்றினால் அது முடியாது என்று சொல்லாது. முனகும், சுற்று இறங்கும், கிளட்ச் வழுக்கிச் சூடாகும். 72 வாங்குவது ஆழமாகக் கடிக்க அல்ல, நிறையப் பற்களை வேகம் குறையாமல் இழுக்க. ஐந்து மூட்டைக்கு அது வீண். மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆட்டுக்குட்டி, தழைக்கட்டு என்று ஏற்றிக்கொண்டு போச்சம்பள்ளி சந்தைக்குப் போகிறவருக்குத்தான் எழுபது.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக. ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரத்திலும் 1929இல் பெட்ரோலிலும் மிஷின் செய்தார். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய பாரம். இன்றைய பல்லின் வடிவம் அமெரிக்க மரவெட்டி ஜோ காக்ஸ் உபயம். 1946இல் ஒரு அடிக்கட்டைக்குள் வண்டுப் புழு இடமும் வலமுமாக மரத்தைத் தின்றுகொண்டு போவதைப் பார்த்து அதன் தாடையைச் செயினில் வைத்தார். "இயற்கையிடம் கற்றோம்" என்று வரும் விளம்பரங்களில் முக்கால்வாசி பின்னால் ஒட்டிய கதை. இது விதிவிலக்கு.

எங்கள் பக்கத்து மரவாடியில் அறுக்கிற பெரியவர் ஒருவர் மிஷின் சத்தத்தைக் கேட்க மாட்டார். கீழே விழுந்த தூளை அள்ளிப் பார்ப்பார். அவல்போல் விழுந்தால் தலையாட்டுவார். மாவாக விழுந்தால் மிஷினை அணைத்து, உட்கார்ந்து, உருண்டை அரத்தால் பல்லுக்கு இரண்டு இழுப்பு. ஐந்தாறு தடவை அப்படித் தீட்டிய பிறகு தட்டை அரத்தை எடுத்துத் திமிலையும் ஒரு தேய்ப்பு தேய்ப்பார். பல்லின் முதுகு பின்னோக்கிச் சரிந்திருப்பதால் தீட்டத் தீட்டப் பல் குள்ளமாகும், திமில் அப்படியே நிற்கும், 0.65 காணாமல் போகும். அப்புறம் பல் கத்தியாக இருந்தாலும் மரத்தில் இறங்காது. இது தெரியாதவர் மிஷினை அமுக்குகிறார், பார் சூடேறுகிறது, கடைசியில் "ஐம்பதுக்குப் பவர் பத்தல" என்று எழுபது வாங்கப் போகிறார். கடைக்காரர் ஏன் தடுக்கப் போகிறார்? ஆத்திரத்தில் திமிலை ரொம்பத் தேய்த்துவிட்டாலோ ஒவ்வொரு மூட்டையும் இரட்டை மூட்டை, மிஷின் குதிக்கும். பாரின் மூக்கில் மேல்பாதி மரத்தில் பட்டால் முகத்தை நோக்கி எகிறும்.

எனவே நாகரசம்பட்டி நண்பருக்கு ஐம்பது, 16 அல்லது 18 இன்ச் பாரோடு. மாங்கிளைக்குத் தோள் உயரத்தில் தூக்கி வேலை செய்யும்போது அந்த ஒரு கிலோ மதியத்துக்குள் மூன்று கிலோ ஆகிவிடும். பட்ட புளி இரண்டுக்கும் எழுபது வைத்திருக்கிற ஆளை ஒரு நாள் கூலிக்குக் கூப்பிடுங்கள். இரண்டே மரத்துக்காக யாராவது லாரி வாங்குவார்களா?

கிணற்றோரம் தென்னை ஆறு இருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாவில் விழுந்து கிடந்ததெல்லாம் பெரும்பாலும் இதே மரம்தான். தென்னைக்கு உள்ளே வைரம் கிடையாது. கெட்டியெல்லாம் வெளிச்சுற்றில், நடுவில் சோறு. ஒரு அடித் தூர்தான், ஐம்பது தாராளமாகப் போதும். ஆனால் அந்த வெளிச்சுற்று பல்லைச் சீக்கிரம் மொக்கையாக்கிவிடும். அரம் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.