கோப்பை கிடைத்தது... கதவு திறக்கவில்லை!

வெயில் தாழ்ந்த நேரம். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில், கரிசல் பொட்டலில் பந்து உருட்டும் பையன்களிடம் மெஸ்ஸியைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். எந்த வருஷம் எந்த கிளப்பில் ஆடினார் என்று கடகடவென்று ஒப்பிப்பார்கள். ‘‘ஐ-லீக் கோப்பையை ஜெயித்த தமிழ்நாட்டு டீம் எது தம்பி?’’ என்று அடுத்த கேள்வியைப் போட்டால், கொஞ்சம் யோசிப்பார்கள். ‘‘சென்னையின் எஃப்.சி’’ என்று சிலர் சொல்லக்கூடும். அது ஐ.எஸ்.எல் கோப்பையை ஜெயித்த அணி. இது வேறு அணி.

சரியான விடை, சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை. ஜெயித்தது கோயம்புத்தூரில், வ.உ.சி பூங்காவை ஒட்டியுள்ள நேரு ஸ்டேடியத்தில். பாளையம்பட்டிக்காரர்கள் மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆரப்பாளையம் போய் கோவை பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம்தான். நாள் 2019 மார்ச் 9. ஐ-லீக் கோப்பையை ஒரு தமிழ்நாட்டு அணி தூக்கியது அதுவே முதல் முறை.

அந்த ஒரு சீசனின் கதை இது. ஜெயித்த கதை மட்டுமல்ல, ஜெயித்த பிறகு என்ன ஆனது என்ற கதையும்கூட.

ஒரு நாட்டில் இரண்டு லீக்!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 2007-ல் தொடங்கியது ஐ-லீக். அதுதான் இந்தியாவின் தேசிய கால்பந்து லீக்காக இருந்தது. 2014-ல் சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் பிரபலங்கள், பெரிய கம்பெனிகள் சகிதம் வந்து இறங்கியது ஐ.எஸ்.எல். சில வருடங்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே ஓடின. காகிதத்தில் ஐ-லீக்குக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் பணம், விளம்பரம், டி.வி வெளிச்சம் எல்லாமே ஐ.எஸ்.எல் பக்கம் போய்விட்டன. 2018-19 சீசனில் ஐ-லீக்கின் எல்லா ஆட்டங்களும் டி.வி-யில்கூட வரவில்லை. நடைமுறையில் அது இரண்டாம் படி லீக் ஆகிவிட்டிருந்தது.

அந்த சீசனில் மொத்தம் 11 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 10 அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என 20 ஆட்டங்கள் ஆடவேண்டும். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1 புள்ளி, தோற்றால் பூஜ்யம். இதில் அரையிறுதியும் கிடையாது, இறுதிப்போட்டியும் கிடையாது. யாரிடம் அதிகப் புள்ளியோ அவரிடம் கோப்பை. ஒருநாள் அதிர்ஷ்டத்தால் ஜெயிக்க முடியாது. அக்டோபரில் விட்ட ஒரு புள்ளி மார்ச்சில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

எதிரணிகளும் லேசுப்பட்டவை அல்ல. நூறாண்டு காணவிருந்த ஈஸ்ட் பெங்கால், அதைவிட மூத்த மோகன் பகான், நடப்புச் சாம்பியனான மினெர்வா பஞ்சாப், முதல்முறையாகக் களம் கண்ட ஸ்ரீநகரின் ரியல் காஷ்மீர், மிசோரத்தின் ஐசால், மேகாலயாவின் ஷில்லாங் லஜாங்... இந்திய வரைபடத்தின் எல்லா மூலைக்கும் பயணம் உண்டு.

எட்டாவது இடத்திலிருந்து...

சென்னை சிட்டி ஐ-லீக்கில் நுழைந்தது 2016-17 சீசனில். அடுத்த சீசனில் கோவைக்கு ஜாகை மாறியது. அந்த 2017-18 சீசனில் 10 அணிகளில் 8-வது இடம். அணியின் நட்சத்திரமாக ஜொலித்த, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜும் சீசன் முடிந்ததும் ஐ.எஸ்.எல் அணியான ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். ‘இனி இவர்கள் என்ன செய்யப்போகிறார்கள்?’ என்பதுதான் அப்போதைய கேள்வி.

அணியின் பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். பெரிய பெயர்களை வாங்கப் பணம் இல்லாத இடத்தில், ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் அணி திரும்பியது. நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா, உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்ஸி என நான்கு பேர் வந்தார்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், சூசைராஜின் அண்ணன் மைக்கேல் ரெஜின் என்று நம்மூர் ஆட்டக்காரர்கள் கைகோத்தார்கள்.

2018 அக்டோபர் 26. கோவையில் முதல் ஆட்டம். இளம் வீரர்களைக் கொண்ட இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என்று வென்றது சென்னை சிட்டி. மான்ஸி மட்டுமே 3 கோல். ‘ஆரம்பம் அமர்க்களம்தான், போகப் போகப் பார்ப்போம்’ என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் போகப் போகவும் அது நிற்கவில்லை. நவம்பரில் கொல்கத்தாவுக்கே போய் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று சாய்த்தது. சீசன் முடிவில் மான்ஸியின் கணக்கில் 21 கோல்கள். 2019-ன் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்.சி பாஸல் கிளப், சென்னை சிட்டியின் 26 சதவிகிதப் பங்குகளை வாங்கியது. கோவையில் ஆடும் ஓர் அணியை ஐரோப்பா கவனிக்க ஆரம்பித்திருந்தது.

ஒரு புள்ளிக் கோப்பை

ஆனால் கடைசிக் கட்டத்தில் கால் இடறியது. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோல்வி. 19 ஆட்டங்கள் முடிந்தபோது சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

மார்ச் 9. கோவையில் சென்னை சிட்டியும் மினெர்வா பஞ்சாபும். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவும் ஈஸ்ட் பெங்காலும். ஒரு கண் மைதானத்தில், இன்னொரு கண் செல்போனில் என்று கோவை ரசிகர்கள் தவித்த மாலை அது.

மூன்றாவது நிமிடத்திலேயே மினெர்வா கோல் போட்டுவிட்டது! இடைவேளை வரை 0-1. ஆறு மாத உழைப்பு கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. இரண்டாம் பாதியில், 56-வது நிமிடத்தில் ஒரு பெனால்டி. மான்ஸி அடித்தார், 1-1. ஆனால் டிரா போதாது. அந்த நேரத்தில் கைகொடுத்தவர் அசாமைச் சேர்ந்த கௌரவ் போரா. எதிரணியின் கோலைத் தடுப்பதுதான் அவர் வேலை. அன்று கோல் போடும் வேலையையும் சேர்த்துச் செய்தார். 69-வது நிமிடத்தில் ஒன்று, ஆட்டம் முடியும் கடைசித் தருணத்தில் இன்னொன்று. 3-1!

கோழிக்கோட்டிலும் சும்மா இல்லை. பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை சிட்டி 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. மொத்தம் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. போராவின் கோல்கள் இல்லாமல் ஆட்டம் டிராவில் முடிந்திருந்தால், கோப்பை அப்படியே கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

‘இரண்டாம் படி லீக்கில் ஜெயித்தவர்கள்தானே’ என்று உதட்டைப் பிதுக்கியவர்களுக்கும் சீக்கிரமே பதில் வந்தது. இரண்டு லீக் அணிகளும் மோதும் சூப்பர் கப் போட்டி அந்த ஏப்ரலில் புவனேஸ்வரில் நடந்தது. காலிறுதியில் சென்னை சிட்டியின் எதிரே நின்றது சுனில் சேத்ரியின் பெங்களூரு எஃப்.சி. சில வாரங்களுக்கு முன்புதான் ஐ.எஸ்.எல் கோப்பையை வென்றிருந்த அணி. முடிவு, சென்னை சிட்டி 2, பெங்களூரு 1.

ஏணியில் அடுத்த படி எங்கே?

பத்தாம் வகுப்பில் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்த பையனிடம், ‘உனக்குப் பதினொன்றாம் வகுப்பு கிடையாது, வேண்டுமானால் பத்தாவதையே இன்னொரு தடவை படி’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? சென்னை சிட்டிக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

இங்கிலாந்தில் இந்தச் சிக்கல் கிடையாது. பிரீமியர் லீக்கில் கடைசி 3 இடம் பிடிப்பவர்கள் கீழே இறங்க, கீழ் லீக்கிலிருந்து 3 அணிகள் மேலே ஏறும். லெஸ்டர் சிட்டி 2013-14-ல் இரண்டாம் படி லீக்கை ஜெயித்து மேலே போனது. அடுத்த இரண்டே ஆண்டில், 2015-16-ல் பிரீமியர் லீக் சாம்பியன்! அந்தக் கதவு மூடியிருந்தால் உலகமே கொண்டாடிய அந்தக் கதை நடந்திருக்காது.

இந்தியாவில் அன்று கதவு மூடித்தான் இருந்தது. ஐ.எஸ்.எல்-லில் சேரவேண்டும் என்றால் வருடத்துக்குப் பல கோடி கட்டணம். களத்தில் ஜெயித்துக்காட்டி மேலே போக வழியே இல்லை. 2019 அக்டோபரில் ஆசிய கால்பந்து கூட்டமைப்பு ஒப்புதல் தந்த திட்டப்படி, ஐ.எஸ்.எல் நாட்டின் முதல் லீக் ஆனது. சென்னை சிட்டி கோப்பை வென்ற அதே ஆண்டில், அது வென்ற லீக் அதிகாரபூர்வமாகவே கீழே இறங்கியது.

மேலே போக வழி இல்லாத அணியில் ஆட்டக்காரர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? அவர்கள் மேல் தப்பில்லை. விளையாட்டு வீரனின் காலுக்கு வயது குறைவு. வான்ஸ்பால் 2019-லேயே சென்னையின் எஃப்.சி-க்குப் போனார். மான்ஸி 2020 ஜனவரியில் ஜப்பானின் இரண்டாம் படி லீக்குக்கு, அல்பிரெக்ஸ் நீகாட்டா அணிக்குப் போனார். ரொமாரியோ எஃப்.சி கோவாவுக்குப் போனார். ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் ஆடும் வாய்ப்பு சென்னை சிட்டிக்குக் கிடைத்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்று, அந்தக் கனவும் ஒரே ஆட்டத்தில் முடிந்தது.

பிறகு கொரோனா. 2020-21 சீசன் முழுவதும் மேற்கு வங்கத்திலேயே நடந்தது. கோவைக்கு ஆட்டமே வரவில்லை. அதற்கடுத்த சீசனின் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்று ஆண்டுகள்கூட முடியவில்லை.

கதவு திறந்தது... யாருக்கு?

கதையின் கடைசித் திருப்பம் இதுதான். 2022-23 சீசனில் அந்தக் கதவு ஒருவழியாகத் திறந்தது. ஐ-லீக்கில் முதலிடம் பிடித்தால் கட்டணம் இல்லாமல் ஐ.எஸ்.எல்-லுக்குப் போகலாம் என்ற விதி அமலுக்கு வந்தது. அப்படி முதன்முதலாக மேலே ஏறியது பஞ்சாப் எஃப்.சி. கோவையில் அந்த மார்ச் மாலையில் 3-1 என்று தோற்ற மினெர்வா பஞ்சாப்தான், கைமாறி, பெயர் மாறி பஞ்சாப் எஃப்.சி ஆகியிருந்தது! அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அதே வழியில் மேலே போனது.

அன்று தோற்றவர்கள் தாக்குப்பிடித்தார்கள், புதிய முதலாளி கிடைத்தார், நான்கு வருடம் கழித்து மேலே போனார்கள். ஜெயித்தவர்கள் அதுவரை நிற்கமுடியவில்லை. 2024-25 ஐ-லீக்கில் 12 அணிகள் ஆடின. அதில் தமிழ்நாட்டு அணி ஒன்றுகூட இல்லை.

அந்த 2019-ல் இன்னொரு சந்தோஷமும் நடந்தது. மே மாதம், பெண்களுக்கான இந்திய லீக் கோப்பையை ஜெயித்தது மதுரையின் சேது எஃப்.சி. ஒரே ஆண்டில் ஆண்கள் கோப்பை ஒன்று, பெண்கள் கோப்பை ஒன்று என இரண்டு கோப்பைகள் தமிழ்நாட்டுக்கு. ஆகவே, இங்கே திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லமுடியாது. கடலோரக் குப்பத்திலிருந்தும் கரிசல் காட்டிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் ஏறுவதற்கு உள்ளூர் அணி, மாநில லீக், ஐ-லீக், ஐ.எஸ்.எல் என்று இடையில் எந்தப் படியும் உடையாத ஓர் ஏணி வேண்டும். நம் மாநிலத்தில் இப்போது நடுப்படி காணாமல் போயிருக்கிறது.

பாளையம்பட்டியில் இருட்டும் வரை பந்து உருட்டும் பையனுக்கு மெஸ்ஸியின் கணக்கு தெரியும். தெரிந்துகொள்ளட்டும். கூடவே 43-க்கு 42 என்ற கணக்கையும் யாராவது சொல்லிவைக்கலாம். இரண்டு பஸ் மாறினால் போய்விடக்கூடிய ஒரு மைதானத்தில், நம்மூர்ப் பையன்கள் ஒரே ஒரு புள்ளியில் இந்தியாவை ஜெயித்தார்கள் என்று!