உங்களுக்குத் தெரியுமா? வழக்கு காப்பாற்றிய மாளிகை

● வேல்ஸின் வடகரையில் கான்வி என்று ஒரு சிற்றூர். அங்கே கோட்டையும் ஊரைச் சுற்றிய மதிலும் கட்டியவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட். வேல்ஸைப் பிடித்த கையோடு 1283-இல் வேலையைத் தொடங்கினார். மதிலுக்குள் குடியேற்றப்பட்டவர்கள் ஆங்கிலேயர்கள். வேல்ஸ்காரர்களுக்கு அங்கே இடமில்லை. மூன்று நூற்றாண்டு கழித்து அதே மதிலுக்குள், ஊரிலேயே பகட்டான வீட்டைக் கட்டியவர் ஒரு வேல்ஸ்காரர். வீட்டின் பெயர் பிளாஸ் மவுர், அதாவது பெரிய மாளிகை. அடக்கமான பெயர் என்று சொல்ல முடியாது.

● கட்டியவர் ராபர்ட் வின். குவிடிர் என்ற இடத்தின் செல்வாக்கான குடும்பத்தில் பிறந்தவர்தான், ஆனால் மூன்றாவது மகன். பரம்பரை வீடு அண்ணனுக்குப் போய்விடும். எனவே வேலை தேடிப் புறப்பட்டார். ஃபிலிப் ஹோபி என்ற ஆங்கிலேயத் தூதரிடம் சேர்ந்து ஐரோப்பிய அரசவைகளைப் பார்த்தார். ஊர் திரும்பிக் கட்டிய வீட்டின் உச்சிச் சுவர்கள் படிப்படியாக ஏறி இறங்குகின்றன. இது நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்துப் பாணி. வெளிநாடு போய் வந்தவர் வீடு கட்டினால் தெரிந்துவிடும் இல்லையா?

● வீடு ஒரே மூச்சில் எழவில்லை. 1576-இல் தொடங்கி 1585 வரை மூன்று கட்டமாக வளர்ந்தது. கடைசியில் வந்ததுதான் வாசல் கட்டடம். வீடு இருந்த மனை பெரிய தெருவைத் தொடவில்லை. சந்துப் பக்கம்தான் வழி. இத்தனை செலவு செய்துவிட்டு விருந்தினரைச் சந்து வழியாகவா கூப்பிடுவது? தெருவோரத்தில் இடம் வாங்கி, அங்கே ஒரு வாசலை எழுப்பிய பிறகுதான் ராபர்ட் ஓய்ந்தார்.

● உள்ளே போனால் கண் முதலில் போவது சுதை வேலைக்குத்தான். கூரையிலும் கணப்பு அடுப்புக்கு மேலேயும் குலச் சின்னங்கள், விலங்குகள், ராணி முதலாம் எலிசபெத்தின் அரச முத்திரை. இடையிடையே ‘ஆர்.டபிள்யூ.’ என்ற எழுத்துகள், வீட்டுக்காரரின் பெயரின் முதலெழுத்துகள். அரசியின் முத்திரையும் தன் பெயரும் ஒரே வீட்டில்! இது அலங்காரம் மட்டுமல்ல. எந்தக் குடும்பம், யாருக்கு விசுவாசம் என்பதை வந்தவர் நிமிர்ந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

● வீட்டில் 365 ஜன்னல், 52 கதவு என்று ஒரு பேச்சு உண்டு. நாளுக்கொரு ஜன்னல், வாரத்துக்கொரு கதவு. கேட்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

● முதல் மனைவி டோரதி 1586-இல் இறந்தார். ராபர்ட் மீண்டும் மணந்தார். அந்த மனைவி பெயரும் டோரதி! அப்போது மாப்பிள்ளைக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1598-இல் அவர் இறக்கும்போது சின்னஞ்சிறு பிள்ளைகள் இருந்தார்கள். உயிலோ ஒரே சிக்கல். அதனால் எழுந்த வழக்கு 1630 வாக்கில்தான் முடிந்தது. சொத்து யாருக்கு என்று தெரியாத வீட்டை யார் இடித்துக் கட்டுவார்கள்? பிறகு அது வேறு இடங்களில் பெரிய வீடு வைத்திருந்த மோஸ்டின் குடும்பத்திடம் போனது. அவர்கள் வாடகைக்கு விட்டார்கள். புதுமோகம் பிடித்த பணக்காரர் யாரும் உள்ளே குடிவராததுதான் இந்த வீட்டின் அதிர்ஷ்டம் என்பேன்.

● 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராயல் கேம்ப்ரியன் கலைக்கழகம் இங்கே வந்தது. சுமார் நூறு ஆண்டுகள் ஓவியர்கள் கையில் இருந்த வீட்டை 1993-இல் வேல்ஸ் தொல்லியல் துறையான ‘கடூ’ ஏற்றுப் புதுப்பித்து, 1997-இல் திறந்தது. சில அறைகளின் சுதைக்கு மறுபடி வண்ணம் தீட்டினார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும். எலிசபெத் காலத்தார் எல்லாவற்றையும் வெள்ளையாகவே வைத்திருந்தார்கள் என்ற நினைப்பு அங்கேயே போய்விடும்.

● வேல்ஸில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் சுமார் 30,000. அவற்றில் முதல் தரப் பட்டியலில் இருப்பவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பிளாஸ் மவுர் அதில் ஒன்று.

● இதே ஊரின் படகுத்துறையில்தான் பிரிட்டனின் மிகச் சிறிய வீடு என்று காட்டப்படும் சிவப்பு வீடு இருக்கிறது. அகலம் 1.8 மீட்டர். அதில் 1900 வரை குடியிருந்த மீனவரின் உயரம் 6 அடி 3 அங்குலம். அவர் பெயரும் ராபர்ட்!