கண் சிகிச்சைக்கான மஞ்சள் லேசர்: சூட்டை வென்ற வடிவமைப்பு

ஜார்ஜ்டவுன் - இனிப்பு நீர் நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டு லேசர் சிகிச்சை செய்துகொண்ட ஒருவராவது நம் உறவில் இருப்பார். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே இன்னும் அதிகம்.

இச்சிகிச்சைக்குப் பயன்படும் ஒளிகளில் ஒன்று 577 நானோமீட்டர் மஞ்சள். இரத்தம் இதை நன்கு உறிஞ்சும். கூர்மையான பார்வைக்குரிய நடுப்பகுதியில் உள்ள நிறமி குறைவாகவே உறிஞ்சும். ஆனால் இந்த மஞ்சளை நேரடியாகத் தரும் செமிகண்டக்டர் லேசரைச் செய்வது கடினம். அதனால் சுற்றுவழி ஒன்று உண்டு. 808 நானோமீட்டர் டையோடு லேசரின் ஒளியை, சில மைக்ரான் தடிமனே உள்ள செமிகண்டக்டர் அடுக்கின் மீது பாய்ச்சுகிறார்கள். மின்சாரத்துக்குப் பதில் ஒளியே இதற்கு உணவு. அது 1154 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைத் தர, ஒரு படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி மஞ்சளாக்குகிறது.

இங்கேதான் சிக்கல். 808க்கும் 1154க்கும் உள்ள இடைவெளியால், எல்லாம் சரியாக நடந்தாலும் உறிஞ்சிய ஆற்றலில் ஏறத்தாழ 30 விழுக்காடு சூடாகிவிடும். சூடு ஏறினால் அடுக்கு அதிகமாக ஒளிதரும் அலைநீளம் பாகைக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். அடுக்கின் தடிமனுக்குப் பொருந்தும் அலைநீளமோ 0.1 அளவே நகரும். இரண்டும் விலகியதும், ஒளியை எவ்வளவு கூட்டினாலும் லேசர் மங்கத்தான் செய்யும்.

பொறியாளர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்தது. குளிர்ந்த நிலையில் இரண்டும் பொருந்தாதபடி வேண்டுமென்றே வடிவமைக்கிறார்கள்; வேலை செய்யும் சூட்டில் அவை தாமாகப் பொருந்திவிடும். அடுத்து, அடுக்கைத் தாங்கும் தடித்த காலியம் ஆர்சனைடு தகட்டைக் கரைத்தெடுத்து, மெல்லிய அடுக்கை மட்டும் வைரத்தின் மீது ஒட்டுகிறார்கள். வைரம் செம்பைவிட நான்கைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். 1997இல் அமெரிக்காவின் மைக்ராகோர் நிறுவனத்தார் காட்டியது அரை வாட்டுக்குச் சற்று மேல். 2012இல் ஜெர்மனியின் மார்பர்க், அமெரிக்காவின் அரிசோனா ஆய்வாளர்கள் ஒரே சில்லிலிருந்து 106 வாட் எடுத்தார்கள்.

1972 முதல் செமிகண்டக்டர் ஆலைகள் இயங்கும் நம் பாயான் லெப்பாஸில், சில்லு ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. ஒட்டில் சிறு காற்றுக்குமிழி இருந்தாலும் அந்த இடத்தில் சூடு தேங்கிவிடும். எத்தனை வாட் பாய்ச்சினாலும், வைரத்துக்கும் அடுக்குக்கும் நடுவே உள்ள அந்த மெல்லிய ஒட்டு சரியாக இருந்தால்தான் மஞ்சள் ஒளி நிலையாகக் கிடைக்கும்.