பூமலையில் ஒரு பால்மரம்

சிங்கப்பூர்ப் பூமலைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் இங்கே அரிது. புல்வெளியில் பாய் விரித்து, பிள்ளைகளை ஓடவிட்டு, ஆர்க்கிட் பூக்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம். நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் போய்வந்தேன். குளுவாங்கிலிருந்து வந்திருந்த என் பாட்டி ஒருநாள் கேட்டார்: "அந்தப் பூமலையிலதான் மொதமொதல்ல பால்மரம் வெச்சாங்களாமே, மெய்யா?"

பாட்டிக்கு 81 வயது. பதின்மூன்றாவது வயதில் தோட்டத்தில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தவர். அவருடைய தாயும் தாத்தாவும் அதே வேலைதான். மெய்தான் என்று சொல்லிவிட்டு விடுவதா? அடுத்த சனிக்கிழமையே கிளம்பினோம், என் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு.

வயதானவர்களோடு போகிறவர்கள் நேப்பியர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்குவது நல்லது; தங்ளின் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. பூமலை காலை 5 மணிக்கே திறந்து நள்ளிரவு வரை இருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். நாங்கள் போனபோது மணி ஏழரை. "இந்நேரம் பாதி மரம் வெட்டி முடிச்சிருப்பேன்," என்றார் பாட்டி.

பூமலை இந்த இடத்தில் தொடங்கியது 1859இல். இன்று அதன் பரப்பு 82 ஹெக்டர். 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அது. அன்னக் குளம், இசை மேடை எல்லாவற்றையும் பாட்டி மெதுவாக நடந்து பார்த்தார். ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தைச் சுற்றி இப்போது வேலி போட்டிருக்கிறார்கள். முன்பு அதன் தாழ்ந்த கிளையில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காத ஆளே இல்லை. என் மகன் நோட்டை எடுத்து மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பாட்டிக்கு அதில் மனம் ஒட்டவில்லை. "பால்மரம் எங்கே?" என்பதே கேள்வி.

முதலில் ஹோல்ட்டம் மண்டபத்துக்குப் போனோம். 1921இல் கட்டிய இரண்டு மாடி வீடு. இப்போது பூமலையின் மரபுடைமை அரும்பொருளகம். அனுமதி இலவசம், உள்ளே குளிர்சாதன வசதியும் உண்டு. ரப்பரின் கதையை இங்கே தெரிந்துகொள்ளலாம். 1876இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகள் லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போயின. மிகச் சிலவே முளைத்தன. மறு ஆண்டு அவற்றில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 11 கன்றுகளைப் பூமலையில் நட்டார்கள். 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. மலாயாவில் ரப்பர் தொடங்கியது அவ்வளவு சின்ன எண்ணிக்கையில்.

1888இல் பூமலைக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, ரப்பரைப் பயிரிடும்படி தோட்டத் துரைமார்களைக் கெஞ்சாத குறை. விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு போய், பார்க்கிறவர் கையில் திணிப்பாராம். காப்பியில் பணம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வைத்தார்கள். மரத்தைக் கொத்திச் சிதைக்காமல், பட்டையை மட்டும் மெலிதாகச் சீவி, மறுபடி மறுபடி பால் எடுக்கும் முறையை அவர் 1890களில் செய்து காட்டினார். நடுவில் நேர்க்கோடு, பக்கங்களில் சரிவான வெட்டுகள். மீன்முள் போல இருக்கும். பிறகு காப்பி விலை விழுந்தது, மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட்டது, காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். என் பாட்டியின் தாத்தா அப்படி வந்தவர்தான்.

மீன்முள் வெட்டை நான் விளக்கியதும் பாட்டி சிரித்தார். "இது எங்க தாத்தா காலத்து வெட்டு. எங்களுக்கு ஒரே வெட்டுத்தான், பாதி மரத்துக்கு." ரிட்லியைப் பற்றி அவர் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. நூறு வயது வரை வாழ்ந்து 1956இல் இறந்தார் என்றேன். "அப்ப நான் சின்னப் பிள்ள," என்று கணக்குப் போட்டார்.

பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போய் ஒரு ரப்பர் மரத்தைக் கண்டோம். 1877இல் நட்ட பதினொன்றில் ஒன்றல்ல. நான் பலகையைப் படிப்பதற்குள் பாட்டி கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பட்டையில் உள்ளங்கையை வைத்தார்.

"காயமே இல்லாத மரம்," என்றார். "எங்க நெறையில இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல."

பிறகு ஆள்காட்டி விரலால் இடது மேலிருந்து வலது கீழாக ஒரு கோடு இழுத்தார். ஏன் அந்தப் பக்கமாகச் சரிக்க வேண்டும் என்று மகன் கேட்டான். பட்டைக்குள் பால் குழாய்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடுகின்றன. இப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும் என்பது அறிவியல். பாட்டியின் விடை இன்னும் சுருக்கம்: "அப்பத்தான் மங்கு நிறையும்." கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்க் கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம், தண்டலிடம் ஏச்சு, மேலாகப் போனால் பால் இல்லை. விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நானூறு மரத்துக்கும் மேல் அதைக் கைப்பழக்கத்தால் மட்டுமே செய்தாராம். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. இதையெல்லாம் அவர் எங்களிடம் முன்பு சொன்னதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

மரத்தடியில் புள்ளி போட்ட ரப்பர் கொட்டைகள் கிடந்தன. பாட்டி இரண்டைப் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். கீழே இருந்தது உடைந்தது. தோட்டப் பிள்ளைகளின் விளையாட்டாம். மகன் தோற்று, மறுபடியும் தோற்று, கை சிவக்க அடித்துக்கொண்டிருந்தான்.

உடையாத கொட்டை ஒன்றைப் பாட்டி கைப்பைக்குள் போடப் போனார். "பாட்டி, இங்கேருந்து எதையும் எடுத்துட்டுப் போகக்கூடாது," என்று தடுத்தான் மகன்.

"அந்தத் துரை மட்டும் பை நிறைய வெச்சிக்கிட்டுத் திரிஞ்சாரே," என்றபடியே அதை வேரடியில் திரும்ப வைத்தார் பாட்டி.