ஓட்டல் அறையில் குழந்தை தூங்கவில்லையா?

மாமல்லபுரத்துக்குப் புறப்படும் குடும்பங்கள் எதையும் மறப்பதில்லை. குடை இருக்கும். தொப்பி இருக்கும். முறுக்கு, சீடை டப்பா இருக்கும். கடலில் நனைந்தால் மாற்றிக்கொள்ள நாலு ஜோடி துணி இருக்கும்.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அது, குழந்தையின் தூக்கம்!

பகல் முழுவதும் ஒரு குறையும் இல்லை. கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு என்று குழந்தைகள் ஓடி ஆடுகிறார்கள். "இன்று அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடுவான்" என்று பெற்றோர் நினைக்கிறார்கள்.

இரவு மணி 10 ஆகிறது. குழந்தை கட்டிலில் குதிக்கிறது. 11 ஆகிறது. அழுகிறது. 12 மணிக்கு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை!

செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தக் கடற்கரைக்குச் சனி, ஞாயிறுகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். 1984-ம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஊர் அல்லவா? ஒத்தவாடைத் தெருவிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தங்கும் விடுதிகள் பல இருக்கின்றன. ஆனால், குடும்பத்துக்கு எடுப்பது பெரும்பாலும் ஒரே அறைதான். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், பாட்டி ஆகிய ஐந்து பேருக்கும் அதுதான் கூடம்; அதுதான் படுக்கை அறை.

அந்த ஒரே அறையில் குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி?

காவல் காக்கும் மூளை

புது இடத்தில் தூக்கம் வராது என்று பாட்டிமார் சொல்வார்கள். விஞ்ஞானிகளும் அதையே சொல்கிறார்கள். இதற்கு "முதல் இரவு விளைவு" என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். புது இடத்தில் படுக்கும் முதல் இரவில், மூளையின் இரண்டு பாதிகளும் ஒரே அளவு ஆழ்ந்து உறங்குவதில்லை. இடது பாதி அரைத் தூக்கத்தில் காவல் காக்கிறது. சிறு ஓசை கேட்டாலும் ஆளை எழுப்பிவிடுகிறது!

இது பெரியவர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி. "இது ஓட்டல், இங்கே பயம் இல்லை" என்று தெரிந்த பெரியவர்களுக்கே இந்தக் கதி. ஒன்றும் தெரியாத மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்?

ஆகவே, தூங்காத குழந்தை அடம் பிடிக்கிறது என்று நினைப்பது தவறு. அதை அடிப்பதும் மிரட்டுவதும் அதைவிடத் தவறு. பயந்த குழந்தை இன்னும் நன்றாக விழித்துக்கொள்ளும்.

பஸ்ஸில் செலவான தூக்கம்

செங்கல்பட்டு ரெயில் நிலையத்தில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போக ஏறக்குறைய 30 கிலோ மீட்டர். சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் வந்தால் 55 கிலோ மீட்டருக்கு மேல். பஸ்ஸோ காரோ, ஆட்டத்தில் குழந்தை தூங்கிவிடும்.

காலையில் தூங்கினால் பாதகம் இல்லை. முட்டுக்காடு படகுத் துறைக்கோ, வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கோ போய்விட்டு, மாலை 5 மணிக்கு அறைக்குத் திரும்பும்போது தூங்குகிறதே, அதில்தான் ஆபத்து. "பாவம், களைத்துவிட்டது" என்று ஏழு மணி வரை விட்டுவிடுகிறார்கள். இரவுக்கு வைத்திருந்த தூக்கம் பஸ்ஸிலேயே செலவாகிவிடுகிறது.

குழந்தைக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும்? 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொன்னது. 1, 2 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம். 3, 4 வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரம். பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

எனவே, மதியச் சாப்பாடு ஆனதும் அறைக்கு வந்து குழந்தையைத் தூங்க வைத்துவிடுவது நல்லது. மாமல்லபுரத்து வெயிலில் அந்த நேரத்தில் பாறைகளைச் சுற்றுவது பெரியவர்களுக்கும் சுகம் இல்லை. மாலை நாலு மணிக்கு மணலில் ஓட விடலாம். கோயில்களை ஆறு மணிக்குச் சாத்துவதால், பார்க்க வேண்டியதை அதற்குள் பார்த்துவிட்டு, நேரத்தோடு சாப்பாட்டுக்குப் போய்விடலாம். மாலையில் பஸ்ஸில் கண் அயர்ந்துவிட்டால், கால் மணி நேரத்தில் மெதுவாக எழுப்பிவிட வேண்டும்.

விளக்கு செய்யும் வேலை

இருட்டியதும் மூளைக்குள் மெலடோனின் என்ற சுரப்பு ஊறுகிறது. "இரவாகிவிட்டது, தூங்கு" என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். வெளிச்சம் பட்டால் அது அடங்கிவிடும்.

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தார், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தூங்கும் நேரத்துக்கு முன்பு ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாட விட்டுப் பார்த்தார்கள். மெலடோனின் சராசரியாக நூற்றுக்கு 88 பங்கு குறைந்துவிட்டது! விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பழைய நிலைக்கு வரவில்லை. 2018-ல் வெளிவந்த முடிவு இது.

ஓட்டல் அறையில் நடப்பது என்ன? கூரையில் ஒரு விளக்கு. கண்ணாடிக்கு மேல் ஒரு விளக்கு. சுவரில் டெலிவிஷன். அப்பா கையில் ஒரு செல்போன், அம்மா கையில் ஒன்று. இத்தனை வெளிச்சத்துக்கு நடுவே "கண்ணை மூடு" என்றால் குழந்தை எப்படி மூடும்?

எட்டு மணிக்கெல்லாம் பெரிய விளக்குகளை அணைத்துவிட வேண்டும். குளியல் அறை விளக்கைப் போட்டுக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தால் போதும். அதுவே இரவு விளக்கு. குழந்தை நடுவில் விழித்தாலும் இருட்டைக் கண்டு அலறாது.

பெரியவர்கள் படுக்க வேண்டும்

ஒரே அறையில் பெரிய சிக்கல் இதுதான்.

"என்னங்க, டி.வி.யைக் கொஞ்சம் நிறுத்துங்க. இவன் தூங்க மாட்டேங்கறான்."

"சத்தத்தைக் குறைச்சிட்டேனே! நீ தட்டிக் கொடு, தூங்கிடுவான்."

இந்தப் பேச்சு இல்லாத அறை அபூர்வம். பெரியவர்கள் விழித்திருந்து சிரிக்கும்போது, தான் மட்டும் ஏன் தூங்க வேண்டும் என்று குழந்தை நினைக்கிறது. அது நியாயம்தானே?

வீட்டில் கதவைச் சாத்தலாம். இங்கே சாத்துவதற்கு வேறு கதவு இல்லை. ஆகவே, அரை மணி நேரம் அறை முழுவதும் இரவாகிவிட வேண்டும். எல்லாரும் படுத்துவிட வேண்டும். பேச்சு இருக்கக் கூடாது. குழந்தை தூங்கிய பிறகு பெரியவர்கள் எழுந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். ஆனால், ஒருவராவது அறையிலேயே இருக்க வேண்டும். குழந்தைகளைத் தனியே விட்டுப் பூட்டிக்கொண்டு போவது கூடவே கூடாது.

இரண்டு குழந்தைகளையும் ஒரே நேரத்தில் தூங்க வைக்கப் பார்த்தால் இரண்டும் தூங்காது. ஒன்றை ஒன்று பார்த்துச் சிரிக்கும். சின்னதை அம்மா தூங்க வைக்கும்வரை, பெரியதை அப்பாவோ பாட்டியோ கடல் காற்று வாங்க அழைத்துப் போகலாம். சின்னது கண் அயர்ந்த பிறகு, பெரியதைச் சத்தம் இல்லாமல் கூட்டி வந்து படுக்க வைக்க வேண்டும். "தம்பி தூங்குகிறான், எழுப்பிவிடாதே" என்று சொன்னால் பெரியதற்குப் பெருமை. தானும் அடங்கிவிடும்.

வீட்டுப் போர்வை, வீட்டுப் பாட்டு

அறை புதிது. ஆனால், போர்வை பழையதாக இருக்கலாம். வீட்டில் போர்த்திய போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொண்டு போவது நல்லது. அதில் வீட்டு வாசனை இருக்கும்.

வீட்டில் எந்த வரிசையோ, அதே வரிசை இங்கும் வேண்டும். குளியல், சாப்பாடு, கதை, பாட்டு, தூக்கம். வரிசை மாறாவிட்டால், இடம் மாறியதைக் குழந்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

பாட்டு என்றதும் தாலாட்டு நினைவுக்கு வரும். "தால்" என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. பிள்ளைத்தமிழில் மூன்றாவது பருவமே தாலப் பருவம்தான். அம்மா பாட வெட்கப்பட்டால் பாட்டி பாடலாம். குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்று குழந்தை கேட்பதில்லை. தெரிந்த குரலாக இருந்தால் போதும்.

தூளியில் தூங்கிப் பழகிய குழந்தைகளுக்குத்தான் கஷ்டம். ஓட்டலில் தூளி கட்ட இடம் இருக்காது. மின் விசிறிக் கொக்கியிலோ, ஜன்னல் கம்பியிலோ, திரைச்சீலைக் கம்பியிலோ சேலையைக் கட்டிவிடக் கூடாது. அது குழந்தையின் கனத்துக்குப் போட்டதல்ல.

கைக்குழந்தை அழுதால் என்ன செய்வது? ஜப்பானில் ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தார் 2022-ல் ஒரு வழி சொன்னார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் 5 நிமிடம் நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே கீழே விடக் கூடாது. மடியில் வைத்தபடி 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு படுக்க வைக்க வேண்டும். தூங்கியதும் அவசரப்பட்டுக் கீழே விடுவதால்தான் பல குழந்தைகள் விழித்துக்கொள்கின்றன.

கட்டிலை விடத் தரை மேல்

ஓட்டல் கட்டில் உயரம். மெத்தை மெத்தென்று அமுங்கும். குழந்தை உருண்டு விழலாம். சுவர் ஓரம் படுக்க வைத்தால் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கிக்கொள்ளலாம். கூடுதல் மெத்தை ஒன்று வாங்கித் தரையில் போட்டுவிட்டால் பயம் இல்லை.

தரையில் படுப்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. மாமல்லபுரத்துக் கோயிலில் பெருமாளே பாம்பணையை விட்டுத் தரையில்தான் பள்ளிகொண்டிருக்கிறார். தலசயனப் பெருமாள் என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

ஒரு வயது ஆகாத குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும் என்பது டாக்டர்களின் கண்டிப்பான அறிவுரை. மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். முகத்தின் அருகே தலையணை, கனத்த போர்வை எதுவும் ஆகாது. பெரியவர்களுக்கு நடுவே இடுக்கிப் படுக்க வைப்பதும், சோபாவில் தூங்க வைப்பதும் மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடலாம்.

மருந்து வேண்டவே வேண்டாம்!

சிலர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். "சளி மருந்து ஒரு மூடி கொடுத்தால் தூங்கிவிடும்" என்கிறார்கள்.

இது விளையாட்டு அல்ல. சளி மருந்துகளில் தூக்கம் வரவழைக்கும் சரக்கு இருப்பது உண்மைதான். ஆனால், அது சின்னக் குழந்தையின் மூச்சையும் இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடும். குளோர்பெனிரமின், பெனிலெப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்துப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார்.

ஒரு இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் சரியாகிவிடும். மருந்தால் வரும் கேடு அப்படியல்ல.

விடியற்காலைக் கவனம்

மாமல்லபுரத்தில் சூரியன் கடலிலிருந்து நேராக எழும்பும். கிழக்குப் பார்த்த அறை என்றால் ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். இரவே திரையை இழுத்துவிட வேண்டும்.

அப்படியும் குழந்தை முதலில் எழுந்துவிடலாம். இரவெல்லாம் விழித்த பெற்றோர் அப்போதுதான் அயர்ந்து தூங்குவார்கள். வெளியே கடல்! அலை இழுக்கும் கடல். ஆகவே, படுக்கும் முன் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட வேண்டும். பால்கனி கைப்பிடி ஓரத்தில் நாற்காலி கிடந்தால் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

முதல் இரவு எப்படியும் கொஞ்சம் கஷ்டம்தான். இரண்டாவது இரவு மூளைக்கு அறை பழகிவிடும், காவல் தளர்ந்துவிடும். முடிந்தவர்கள் ஒரு இரவுக்குப் பதில் இரண்டு இரவு தங்கினால், செலவழித்த பணத்துக்கும் பலன் உண்டு.

அர்ச்சுனன் தபசுப் பாறையில் பெரிய யானையின் வயிற்றுக்கடியில் குட்டிகள் ஒண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். குட்டிகளுக்கு வேண்டியது அந்த நிழல்தான். ஓட்டல் அறையில் குழந்தைக்கு வேண்டியதும் அதுவேதான். பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும்!