மவுஸுக்குள் ஓர் எண்ணெய் டின்

"சார், மவுஸை ஒரு தடவை அமுக்கினா ரெண்டு தடவை அமுக்கின மாதிரி ஆகுது. ரெண்டு வருஷத்துல இது மூணாவது மவுஸ். பையன் கேம் ஆடுவான், வீட்ல கணக்கு எழுதுவாங்க. ரெண்டுக்கும் தாங்குற மாதிரி சிம்பிளா ஒண்ணு சொல்லுங்க."

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார். பதிலில் அவர் வேலையில் கையாளும் ஒரு பொருளும் வரும். அதற்கு முன் கடைக்காரர் காட்டும் பெட்டியைப் பார்த்துவிடுவோம்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் '16,000 டிபிஐ' என்று போட்டிருக்கும். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அம்பு 16,000 புள்ளிகள் நகரும் என்று அர்த்தம். நம் வீட்டுத் திரையின் அகலமோ பெரும்பாலும் 1,920 புள்ளிகள்தான். அப்படியானால் கையை 3 மில்லிமீட்டர் அசைத்தாலே அம்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். அரை அரிசி நீளத்துக்குள் யார் குறி பார்த்து ஆட முடியும்? 800 டிபிஐ இருந்தால் கணக்கு எழுதவும் போதும், கேம் ஆடவும் போதும். அதற்கு மேல் தரும் காசு அந்த எண்ணுக்குத்தான் போகிறது. மவுஸின் ஆயுளை முடிவுசெய்வது விரலுக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச்.

டபுள் கிளிக் வியாதி பிடித்த ஒரு மவுஸைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இடது பொத்தானுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. நீளம் 13 மில்லிமீட்டர்கூட இல்லை. நகத்தால் நெம்பி மூடியை எடுத்தால் உள்ளே செம்புக் கலவையில் ஒரு மெல்லிய தகடு. நடுவில் நாக்கு போல ஒரு துண்டை வெட்டி, வளைத்து, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வில்லை நாணேற்றி வைத்தது போலவே இருக்கிறது. இந்த வளைவில்தான் எல்லாச் சூட்சுமமும்.

சமையலறையில் காலி எண்ணெய் டின் இருந்தால் அதன் பக்கவாட்டைக் கட்டைவிரலால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. தகடு தம் கட்டி நிற்கும். இன்னும் கொஞ்சம் அமுக்கினால், ஒரு கட்டத்தில் 'டொக்'கென்று உள்ளே போய்விடும். விரலை எடுத்தால் இன்னொரு 'டொக்'குடன் வெளியே வரும். விரல் ஆமை வேகத்தில் போனாலும் சரி, முயல் வேகத்தில் போனாலும் சரி, அந்தக் கடைசிப் பாய்ச்சல் தகட்டுக்கே உரிய வேகத்தில்தான் நடக்கும். விரல் கொடுத்த ஆற்றலைத் தகடு சேர்த்துவைத்து ஒரே கணத்தில் செலவழிக்கிறது. மவுஸ் தகடும் இதையேதான் செய்கிறது. நீங்கள் தயங்கித் தயங்கி அமுக்கினாலும் அதன் முனை தயங்காமல் பாய்ந்து மின்முனையைத் தொடும். அந்த 'டொக்'கின் குட்டிதான் 'கிளிக்'. உவமையை இன்னும் ஒரு படி நீட்டலாம். பலநாள் அமுக்கி விளையாடிய டின் சப்பிப்போகும். தம் கட்டாது, 'டொக்' வராது, சொத்தென்று உள்ளே போகும். களைத்துப்போன மவுஸ் தகடும் அப்படித்தான்.

ஒரகடத்து வாசகருக்கு இது புதிதல்ல. எந்திரத்தின் காப்புக் கதவு திறந்ததும் ஓட்டத்தை நிறுத்தும் லிமிட் சுவிட்ச்சைக் கழற்றிப் பார்த்தவருக்கு, மவுஸில் இருப்பது அதன் தம்பி என்பது பார்த்ததுமே புரியும். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை ஓடிய நோக்கியா ஆலையிலிருந்து பொத்தான் போன்கள் கோடிக்கணக்கில் வெளியே போயின. அத்தகைய போன்களின் பொத்தானுக்கு அடியிலும் குமிழ் போன்ற ஒரு சின்ன உலோகத் தகடு இதே பாய்ச்சலைத்தான் பாய்ந்துகொண்டிருந்தது.

சரி, ஓர் அமுக்கு எப்படி இரண்டாகிறது? எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்தால் ஒரே 'டங்'குடன் நிற்பதில்லை. துள்ளித் துள்ளித்தான் அடங்கும். மின்முனையில் மோதும் தகடும் அப்படித் துள்ளும். நல்ல நிலையில் இருக்கும் சுவிட்ச்சில் ஓரிரு மில்லிநொடிகளில் அடங்கிவிடும். மவுஸில் இருக்கும் சில்லுக்கு இது தெரியும். முதல் தொடுகை வந்ததும் சில மில்லிநொடிகள் கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் துள்ளல்களை எல்லாம் ஒரே கிளிக்காக எண்ணும். தகடு தளர்ந்தாலோ முனையில் அழுக்குப் படலம் படிந்தாலோ துள்ளல் நீளும். சில்லு கண் திறந்த பிறகும் ஒரு துள்ளல் மிச்சமிருந்தால் அதை இரண்டாவது கிளிக் என்று எண்ணிவிடும்.

படலம் என்றதும் கொலுசு ஞாபகம் வர வேண்டும். இந்த முனைகள் பல சுவிட்ச்களில் வெள்ளிக் கலவை. பீரோவில் கிடக்கும் வெள்ளிக் கொலுசு கறுப்பது போல இவையும் கறுக்கும். விளக்குச் சுவிட்ச்சில் பாயும் மின்சாரம் அந்தக் கறுப்பைத் துளைத்துக்கொண்டு போய்விடும். மவுஸில் பாயும் துளி மின்சாரத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. வேர்வைக் கையும் ஐப்பசி மழைக்கால ஈரமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

கேம் ஆடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வேகம் வேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் சில்லு கண்ணை மூடியிருக்கும் நேரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அதே சுவிட்ச், அதே தேய்மானம். ஆனால் நிதானமான மவுஸில் வெளியே தெரியாத கோளாறு இதில் முன்கூட்டியே தெரிந்துவிடும். வேகத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. சாதாரண மவுஸ் கணினிக்கு 8 மில்லிநொடிக்கு ஒருமுறை சேதி சொல்கிறது. கேமிங் மவுஸ் 1 மில்லிநொடிக்கு ஒருமுறை. இந்த வேகம் உண்மைதான், ஆட்டத்துக்கு உதவவும் செய்யும். சில்லு கண்ணை மூடும் நேரத்தைக் குறைத்துத் தரும் வேகத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வரலாறு சுருக்கமாக: டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனையை வைத்து பில் இங்கிலிஷ் 1964 வாக்கில் மரத்தில் முதல் மவுஸைச் செய்தார், 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் உலகம் அதைப் பார்த்தது. பிறகு உருண்டை வந்தது, போனது, ஒளிக்கண் வந்தது. அமெரிக்காவில் 1932இல் மெக்கால் என்பவர் கண்டுபிடித்த பாயும் தகட்டுச் சுவிட்ச் மட்டும் மவுஸ் பிறக்கும் முன்பே இருந்தது, இன்றும் இருக்கிறது.

இனி கடைக்குப் போகலாம். சுவிட்ச்சின் பெயரையும் எத்தனை கிளிக் தாங்கும் என்பதையும் சொல்லும் மவுஸை எடுங்கள். 1 கோடி, 2 கோடி, 5 கோடி என்று போட்டிருப்பார்கள். நாளுக்கு 5,000 கிளிக் என்றால் 1 கோடிக்கு ஐந்தரை வருஷம் வரும். ஆனால் அது ஒரே விசையில் எந்திரம் அமுக்கிப் பார்த்த கணக்கு. வேர்வையும் கோபமும் அதில் இல்லை. ஒளிக்கற்றை மறைவதை வைத்துக் கிளிக்கை எண்ணும் சுவிட்ச்களும் உண்டு. அவற்றில் தொடுமுனை இல்லை, ஆகவே இந்த வியாதியும் இல்லை. விலை கூடுதல், ஆட்டமே பிரதானம் என்றால் கொடுக்கலாம். இரு வேலைக்கும் ஒன்றுதான் என்றால், வயர் உள்ள, இரண்டு பொத்தானும் ஒரு சக்கரமும் மட்டுமே கொண்ட மவுஸ் போதும். வயர் உடலுக்குள் நுழையும் கழுத்தில் தடித்த ரப்பர் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வயர் அறுவது அங்கேதான். கடையிலேயே பொத்தானை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். தம் கட்டி நின்று, பிறகு 'டிக்'கென்று பாய வேண்டும். சொத்தென்று இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாசகரே, அந்தப் பழைய மூன்றையும் குப்பையில் போடாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டையைப் பெயர்த்தால் பெரும்பாலும் திருகு தெரியும். அதே அளவு சுவிட்ச் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். மூன்று கால்களையும் சால்டரிங் வைத்து எடுத்து, புதியதை வைப்பது உங்கள் கைக்குப் பழகிய வேலை. இன்னும் பல வருஷம் உழைக்கும் மவுஸ் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது.